மொன்ரிசோரி அம்மையார் பயின்ற பாடம்

நம் ஊர்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை மொன்ரிசோரி என்னும் பெயர்ப்பலகை தொங்குகின்றது. அஃது ஒரு பெண்மணியின் பெயர் என்பதை அறியாது, பாலர் வகுப்பைக் குறிக்கும் பிறமொழிச் சொல் என்றே எண்ணுவாரும் உளர். பெயரை அறிந்தாருள்ளும், அவருடைய கல்விமுறை முதன்முதல் எந்தப் பிள்ளைகளின் பொருட்டு உருவாயிற்று என்பதை அறிந்தார் சிலரே. வாய் திறந்து பேசாத பிள்ளை, ஓரிடத்தில் அமர்ந்திராத பிள்ளை, சொன்னதைச் சட்டென விளங்கிக்கொள்ளாத பிள்ளை ஆகியோரைச் சேர்ப்பதற்கில்லை என்று தாய்மாரைத் திருப்பியனுப்பும் சில இடங்களின் வாயிலிலும் அதே பெயர் தொங்கக் காண்கின்றோம். அம்மையாரின் முதல் மாணாக்கர் அத்தகைய பிள்ளைகளே. அதனால் அவர் வரலாற்றை ஒருமுறை தொடக்கத்திலிருந்து சொல்லிப் பார்ப்பது தகும் என்று கருதுகின்றேன்.

மரியா மொன்ரிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 31ஆந் தேதி இத்தாலி நாட்டின் கீழ்க்கரையிலுள்ள அங்கோனா மாகாணத்தில், கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க நிதிப் பகுதி உத்தியோகத்தர். பழைய ஒழுக்கங்களிற் பற்றுடையவர். தாயார் ரெனில்டே நூல் வாசிப்பில் ஊறியவர். ஒரே மகள். 1875இல் குடும்பம் உரோமாபுரியிற் குடியேறிற்று. பெண்பிள்ளைகள் படித்தால் உபாத்தியாயினி ஆகலாம், அதற்கு மேல் வேறு வழியில்லை என்றிருந்த காலத்தில், இச்சிறுமி ஆசிரியத் தொழில் மட்டும் வேண்டாம் என்று பிடிவாதமாய் மறுத்து, ஆண்பிள்ளைகள் பயிலும் தொழினுட்பப் பாடசாலையிற் சேர்ந்தாள். பிற்காலத்தில் உலகமெங்குஞ் சென்று ஆசிரியர்களைப் பயிற்றியவரின் இளமைப் பிடிவாதம் இது.

பொறியியல் நாட்டம் மாறி வைத்தியத்தில் மனஞ் சென்றது. 1890இல் உரோமாபுரிச் சர்வகலாசாலையில் இயற்கை விஞ்ஞானம் பயிலத் தொடங்கி, பின்னர் வைத்தியப் பிரிவிற் புகுந்தார். ஆண் மாணாக்கரோடு நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படித்தல் முறையன்று என்று கருதப்பட்டமையால், ஏனையோர் வீடு சென்ற பின்னர் மாலைப் பொழுதிலே தனியே அப்பயிற்சியைச் செய்யும்படி ஆயிற்று. விளக்கொளியில் பிணங்களின் நடுவே ஓர் இளம்பெண் தனித்திருந்து கற்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். 1896ஆம் ஆண்டு யூலை மாதம் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் வைத்தியர் இவரே என்று பலர் எழுதுகின்றனர், அது சரியன்று. அவருக்கு முன்னும் அந்நாட்டிற் சில பெண்கள் அப்பட்டம் பெற்றிருந்தனர். பெரியோர்க்கு இல்லாத புகழை ஏற்றிச் சொல்லுவது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும். அதே ஆண்டு பேர்லின் நகரில் நடைபெற்ற பெண்கள் மகாநாட்டில், வேலை செய்யும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலி வேண்டுமென்று பேசினார்.

பட்டம் பெற்றபின் சர்வகலாசாலையின் மனநோய்ப் பிரிவிலே துணை வைத்தியராய்த் தொண்டாற்றினார். சிகிச்சைக்கு உரியோரைத் தெரிந்தெடுப்பதற்காக, பைத்தியசாலை என்று அக்காலம் வழங்கிய விடுதிகளுக்குச் செல்வது அவர் கடமைகளுள் ஒன்று. அங்கே மனநோயுற்ற முதியோரோடு சிறு பிள்ளைகளும் அடைபட்டுக் கிடந்தனர். அவர்கள் நோயாளரல்லர். பேச்சு வராதவர், அறிவு வளர்ச்சி பிந்தியவர், வீட்டார் கைவிட்டவர் என்றிவ்வாறு பல திறத்தினர். பாடசாலை ஏற்காத பிள்ளைகளைப் போடுவதற்கு வேறிடம் இல்லாமையால் அங்கே போட்டனர்.

ஒரு விடுதியிலே பிள்ளைகளைக் காவல்செய்த பெண்ணொருத்தி அவர்களை அருவருப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் வினவியபோது, உணவு முடிந்ததும் இவை தரையில் விழுந்து அப்பத் துணுக்குகளைப் பொறுக்குகின்றன என்றாள். மொன்ரிசோரி அந்த அறையை நோக்கினார். நான்கு சுவரும் வெறுந்தரையுமன்றி அங்கே ஒன்றுமில்லை. கையாற் பற்றுவதற்கு, உருட்டுவதற்கு, பிசைந்து பார்ப்பதற்கு ஒரு துரும்பேனும் இல்லை. அவ்வறையில் அப்பிள்ளைகளின் விரல்களுக்கு எட்டக்கூடிய பொருள் அந்தத் துணுக்குகள் மட்டுமே. காவற்பெண் பெருந்தீனியைக் கண்டாள். வைத்தியர் வேறொரு பசியைக் கண்டார். இருவர் கண்ணும் ஒரே காட்சியிலேதான் பதிந்திருந்தன.

இவ்விடத்தில் என் கதையொன்றைச் சொல்லாது மேலே செல்ல மனம் வரவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், பயிற்சிக் கலாசாலையிலிருந்து வெளிவந்த புதிதில், ஒரு கிராமப் பாடசாலையிலே கீழ்வகுப்பைப் பொறுப்பேற்றிருந்தேன். கடைசி வாங்கில் ஒரு பையன். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதான். கேட்டதற்கு விடை சொல்லான். ஈர்க்கும் பனையோலையுமாய் எந்நேரமும் வாங்குக்குக் கீழே ஏதோ பின்னிக்கொண்டிருப்பான். நுங்குக் கோம்பையிற் சில்லு வைத்து வண்டில் கட்டுவான். வகுப்பில் விளையாடுகின்றான் என்று பலமுறை அடித்திருக்கின்றேன். அவன் செய்த வண்டிலொன்றை எடுத்து வெளியே எறிந்தும் இருக்கின்றேன். அவனுக்குக் காது மந்தம் என்பதை இரண்டாந் தவணை முடிவிலே அவன் பேத்தியார் வந்து சொல்லித்தான் அறிந்தேன். தொல்காப்பியத்து எழுத்ததிகாரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எதிரே இருக்கும் பிள்ளைக்கு எழுத்தோசை கேட்கின்றதா என்று பார்க்கத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அவன் பாடசாலைக்கு வரவில்லை. மொன்ரிசோரி வரலாற்றை முதன்முறை வாசித்தபோது, அப்பத் துணுக்குக் கதையில் காவற்பெண்ணின் இடத்தில் என்னையே கண்டேன்.

அம்மையார் செய்தது என்ன? நூலகத்தை நாடினார். இப்பிள்ளைகளுக்காக முன்னர் உழைத்தோர் யாரேனும் உளரோ என்று தேடினார். பிரான்சு தேசத்து வைத்தியர் இருவர் அகப்பட்டனர். ஒருவர் இத்தார். 1800ஆம் ஆண்டளவில், அவேரொன் பகுதிக் காட்டிற் பிடிபட்ட பேசாச் சிறுவனுக்குப் பல ஆண்டுகள் கல்வி புகட்ட முயன்றவர் அவர். மற்றவர் அவர்தம் மாணாக்கர் செகுவென். புத்தி குறைந்தோர் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளுக்குப் பாரிசு நகரிலே பள்ளி நடத்தி, தசைப் பயிற்சியிலும் புலப் பயிற்சியிலும் தொடங்கிப் படிப்படியாக எண்ணத்துக்கு ஏற்றும் முறையை 1846இல் நூலாக எழுதியவர். பின்னர் அமெரிக்கா சென்று வாழ்ந்தவர். இவ்விருவர் நூல்களும் பெரும்பாலும் மறக்கப்பட்டுக் கிடந்தன. மொன்ரிசோரி அவற்றை இத்தாலிய மொழியிற் பெயர்த்து, முதலெழுத்து முதல் ஈற்றெழுத்து வரை தம் கையாலே எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்து எண்ணிப் பார்ப்பதற்காகவே அவ்வாறு செய்தாராம். ஏடு பார்த்து எழுதிப் படித்த மரபில் வந்த நமக்கு இதன் பயன் விளங்காததன்று.

1898இல் தூரின் நகரில் ஆசிரியர் மகாநாடு கூடிற்று. அங்கே பேசிய இளம் வைத்தியர், இப்பிள்ளைகளின் குறைபாடு வைத்தியத்தைக் காட்டிலும் கல்வியையே வேண்டி நிற்பது என்றும், அவர்களைக் கற்பிப்பதற்கென்றே ஆசிரியரைத் தனியாகப் பயிற்ற வேண்டும் என்றும் வாதித்தார். பேச்சு நாடெங்கும் பரவிற்று. கல்வி மந்திரி பாச்செல்லி அவரை அழைத்து உரோமாபுரி ஆசிரியர்க்கு விரிவுரை செய்யும்படி பணித்தார். அதன் பயனாக 1900ஆம் ஆண்டில், மனத்தைச் செவ்வைப்படுத்துதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பெயரிடப்பட்ட பயிற்சிக் கலாசாலை ஒன்று அந்நகரிலே திறக்கப்பட்டது. மொன்ரிசோரியும் மொந்தேசானோ என்னும் வைத்தியரும் அதன் இணைத் தலைவர்கள். முதல் அணியில் 64 ஆசிரியர் சேர்ந்தனர்.

அக்கலாசாலையின் சிறப்பு, பயிற்சிபெறும் ஆசிரியரோடு பிள்ளைகளும் அங்கேயே இருந்தமையாகும். நகரப் பாடசாலைகள் தள்ளியோரும் விடுதியிலிருந்து மீட்கப்பட்டோருமான பிள்ளைகள் அவர்கள். ஆசிரியர் விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெழுதிக்கொண்டு போய்விட இயலாது. பிள்ளையின் எதிரே அமர்ந்து பார்க்க வேண்டும். அம்மையார் காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை தாமே பிள்ளைகளுக்குக் கற்பிப்பார். இரவில் அன்றைய நாளைப் பற்றிய குறிப்புகளை ஒழுங்குபடுத்தி ஆராய்வார். இவ்விரண்டு ஆண்டு உழைப்பையே தமக்கு வாய்த்த உண்மையான ஆசிரியப் பட்டம் என்று அவர் பிற்காலத்தில் கருதினார்.

அங்கே நிகழ்ந்தவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துரைப்போம். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, கைவலிமைக்குக் குறைவில்லை, ஆயினும் ஊசியும் நூலும் கொடுத்தால் ஒரு தையலும் போட வராது. எத்தனை முறை காட்டினும் பயனில்லை. அம்மையார் தையலை விட்டுவிட்டு, புரோபல் வகுத்த காகிதப் பாய் பின்னும் வேலையைக் கொடுத்தார். காகிதக் கீற்றை மேலுங் கீழுமாக மாற்றி மாற்றிச் செலுத்தும் வேலை அது. பின்னல் கைவந்தபின் மீண்டும் ஊசியைக் கொடுக்க, சிறுமி கிழிசல் தைத்தாள். செயலைக் கற்பிக்குமுன், அச்செயலுக்குரிய அசைவைக் கையிற் படியச் செய்தல் வேண்டும் என்னும் உண்மை இதிலிருந்து அவருக்குப் பிறந்தது. எழுத்துக்கும் இதையே செய்தார். மரத்தில் எழுத்துகளை அழகாகச் செதுக்குவித்து, உயிருக்குச் சிவப்பும் மெய்க்கு நீலமுமாக வண்ணம் பூசி, பிள்ளைகள் அவற்றை விரலால் மீண்டும் மீண்டும் தடவும்படி செய்தார். தடவித் தடவி விரல் வழியை அறிந்தபின் எழுத்தாணி பிடிப்பது எளிதாயிற்று. மணலிலும் அரிசியிலும் விரல் பிடித்து ஏடு தொடக்கும் நம் வழக்கத்தை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. நாம் அதனை ஒருநாட் சடங்காக்கி விட்டுவிட்டோம். அவர் அதனை நாள்தோறும் செய்யும் பயிற்சியாக்கினார்.

அப்பிள்ளைகளுட் சிலர், ஏனைய பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் அரசாங்கப் பரீட்சைக்குத் தோற்றி, வாசிப்பிலும் எழுத்திலும் தேறினர். பத்திரிகைகள் அற்புதம் என்று வியந்தன. அம்மையாரின் வியப்பு வேறு. குறையுடையோர் என்று ஒதுக்கப்பட்டோர் எட்டிய அளவிலேயே குறையற்ற பிள்ளைகளும் நிற்கின்றனரே, அவர்களை அவ்வாறு தடுத்து வைத்திருப்பது எது என்பதே அவர் வினா.

அவ்வினாவுக்கு விடை தேடுமுன் 1901இல் அவர் அக்கலாசாலையை விட்டு விலகினார். காரணம் தொழிலோடு பட்டதன்று. மொந்தேசானோவுக்கும் அவருக்கும் 1898ஆம் ஆண்டு பங்குனி மாத முடிவில் மரியோ என்னும் ஆண்மகவு பிறந்திருந்தது. திருமணம் நிகழவில்லை. குழந்தை நாட்டுப்புறத்திலே ஒரு செவிலித்தாயிடம் விடப்பட்டது. பின்னர் மொந்தேசானோ வேறொருத்தியை மணந்தார். அக்காலச் சமுதாயத்தில் இச்செய்தி வெளிப்பட்டிருப்பின், அவர் தொண்டு முழுவதும் அன்றே முடிந்திருக்கும். ஊரார் தள்ளிய பிள்ளைகளைக் காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை மடியில் வைத்துக் கற்பித்த பெண், தம் பிள்ளையை இடையிடையே சென்று பார்த்துவரும் விருந்தாளியாகவே பல ஆண்டுகள் இருந்தார். இதற்காக அவரைக் குறைகூறுவோரும் உளர். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மரியோ இளைஞனான பின்னரே, 1913ஆம் ஆண்டளவில், தாயோடு வந்து சேர்ந்தான். அதன் பின்னும் மருமகன் என்றும் செயலாளர் என்றுமே உலகுக்கு அறிமுகஞ் செய்யப்பட்டான்.

1907ஆம் ஆண்டு சனவரி மாதம் 6ஆந் தேதி, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பழைய மாடிவீடுகளைத் திருத்திக் கூலித் தொழிலாளர்க்கு வாடகைக்கு விட்ட சங்கம் ஒன்று, பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் சுவர்களைக் கெடுத்துவிடுகின்றனரே என்று கவலை கொண்டது. சுவரைக் காப்பதற்கு ஒரு வழி தேடியபோதே, அதன் தலைவர் தலாமோ மொன்ரிசோரியை நாடினார். உலகம் போற்றும் ஒரு கல்விமுறையின் பிறப்பு இவ்வாறு சுண்ணாம்புச் செலவிலிருந்து தொடங்கிற்று! ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். பெரும்பாலும் மூன்று வயது முதல் ஆறு வயது வரையினர். அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் வாயில் காப்போனின் மகள். ஆசிரியப் பயிற்சி அற்றவர். முன்பு கலாசாலையில் செய்த கருவிகளையே அம்மையார் இங்கும் கொணர்ந்தார். மர எழுத்து செய்விக்கக் கைவினைஞர் அகப்படாமையால், உப்புத்தாளை வெட்டி அட்டையில் ஒட்டினார். இன்று உலகெங்கும் விலைக்கு விற்கும் உப்புத்தாள் எழுத்தின் பிறப்பு இதுவே.

மூன்று வயதுச் சிறுமியொருத்தி மரத்துண்டின் துளைகளிலே உருளைகளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஏனைய பிள்ளைகளைச் சுற்றிவந்து பாடச் செய்தனர். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தனர். அவள் கவனம் கலையவில்லை. 44 முறை செய்து முடித்துத் துயிலெழுந்தவள் போல மகிழ்ந்து நோக்கினாள். இதைக் கண்டு எண்ணியவர் அம்மையார். ஆசிரியர் பேச்சைக் குறைத்து, கண்ணை மிகுக்க வேண்டும் என்பது அவர் பயிற்சிமுறையின் நடுநாயகம் ஆயிற்று. நம் வகுப்பறையில் ஆசிரியர் வாயே ஓயாது இயங்குகின்றது. கற்றலோ கேட்போரிடம் நிகழ வேண்டியது.

1909இல் சித்தா தி கஸ்தெல்லோ என்னும் ஊரில் முதற் பயிற்சி வகுப்பு நடந்தது. அவ்வாண்டே அவர்தம் முதல் நூலும் வெளிவந்தது. அதன் பின்னர்ப் புகழ் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று நாடுகள் அழைத்தன. 1915இல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியிலே கண்ணாடிச் சுவருடைய வகுப்பறை அமைத்துப் பிள்ளைகள் கற்பதை மக்கள் வெளியே நின்று பார்த்தனர். இப்பகுதியை விரித்துரைக்க எனக்கு விருப்பமில்லை. வைத்தியத்தையும் சர்வகலாசாலைப் பதவியையும் விட்டபின், பயிற்சி வகுப்புகளும் நூல்களுமே அவர்க்கு வருவாயாயின. தம் மேற்பார்வையின்றி எவரும் தம் முறையில் ஆசிரியரைப் பயிற்றலாகாது என்று கண்டிப்பாயிருந்தார். முறை சிதையாதிருக்க அது உதவிற்று. ஏழைப் பள்ளிகளுக்கு அது எட்டாக் கனியாகவும் அதுவே ஒரு காரணம். சான் லொரென்சோவிற் பிறந்தது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாயிற்று. அதற்கு மூலமாயிருந்த விடுதிப் பிள்ளைகள் பேச்சிலும் எழுத்திலும் மெல்ல மறைந்துபோயினர்.

முசோலினி முதலில் அவரை ஆதரித்தான். பள்ளிகளைத் தன் கட்சியின் கருவியாக்க முயன்றபோது பகை மூண்டது. 1934இல் இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. 1936இல் ஸ்பெயினிலே உள்நாட்டுப் போர் எழ, பார்சலோனாவை விட்டு ஒல்லாந்துக்குச் சென்றார்.

1939ஆம் ஆண்டு நவம்பரில், பிரமஞான சங்கத்தின் தலைவர் அருண்டேல் அழைப்பை ஏற்று, 69ஆம் வயதிலே சென்னை வந்து இறங்கினார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளிலே ஏறக்குறைய முந்நூறு ஆசிரியர் கூடினர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மரியோ ஆங்கிலத்திற் பெயர்த்தார். சில திங்களுக்கென்று வந்தவர் பல ஆண்டு தங்க நேர்ந்தது. 1940 யூன் மாதம் இத்தாலி போரிற் குதித்ததும், பகைநாட்டவர் என்று மரியோவைச் சிறைமுகாமுக்குக் கொண்டுசென்றனர். அம்மையாரைச் சங்க எல்லைக்குள் இருத்தினர். நாற்பது ஆண்டு மறைத்து வைத்த உறவு. அயல்நாட்டிலே முதுமையிற் பிரிவு. ஓகஸ்ட் 31ஆந் தேதி, அவர் எழுபதாம் பிறந்த நாளன்று, அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாட் பரிசாக அவர்தம் மகனை விடுவிப்பதாக அதிற் கண்டிருந்தது. மகன் என்னும் சொல் அரசாங்கத் தாளொன்றில் அவருக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

பின்னர் கொடைக்கானலில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒருங்கே வைத்துச் சிறு பள்ளி நடத்தினார். மரஞ்செடி, கல், புழு என்று மலையே பாடநூலாயிற்று. 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்க்கு வகுப்பு நடத்தினார். இந்நாட்டுப் பாலர் கல்வியில் அவர் பெயர் வேரூன்றியதற்கு அவ்வருகையும் ஒரு காரணம். 1946இல் ஐரோப்பா மீளுமுன், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் இப்பகுதியில் அவரிடம் பயின்றிருந்தனர்.

ஒன்றை மறையாது சொல்லல் வேண்டும். விசேட தேவையுடைய பிள்ளைகளையும் ஏனையோரையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கும் உட்படுத்தற் கல்வியை மொன்ரிசோரி வகுத்தார் என்று சொல்வது பொருந்தாது. தூரின் நகரில் அவர் கேட்டது தனிப் பள்ளியும் தனி வகுப்புமே. எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பாடசாலை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை உலக நாடுகள் சலமன்கா நகரிற் கூடி அறிக்கையாக்கியது 1994இலேதான். ஆனால் வயது கலந்த வகுப்பு, அவரவர் வேகத்திற் கற்றல், ஒருவரோடொருவரை ஒப்பிடாமை, கையாற் பற்றும் கருவி ஆகிய இவையெல்லாம் அதற்கு வேண்டிய நிலத்தை முன்னரே உழுது வைத்திருந்தன. ஜேர்மனியிலே மியூனிக் நகரில் ஹெல்புருகே என்னும் குழந்தை வைத்தியர், 1968ஐ அடுத்த ஆண்டுகளில் இம்முறையைக்கொண்டே இருதிறப் பிள்ளைகளையும் ஒரு கூரையின்கீழ் வைத்துக் கற்பித்துக் காட்டினார். வைத்தியரிடமிருந்து பிறந்த முறை மீண்டும் ஒரு வைத்தியர் கையில் தன் பழைய பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

இன்று நம் பயிற்சிக் கலாசாலைகளில் விசேட கல்வி பாடமாகியுள்ளது. அதனைக் கற்கும் இளைய ஆசிரியர் சிலரைச் சந்திக்கின்றேன். வரைவிலக்கணங்களை அழகாக ஒப்பிக்கின்றனர். பிள்ளையின் அருகே எத்தனை மணிநேரம் அமர்ந்து பார்த்தீர் என்று கேட்டால் மௌனமாகின்றனர். குறை அவர்களுடையதன்று, எம்மைப் போன்றோர் அவர்களுக்கு அப்படிக் கற்பித்துவிட்டோம்.

அம்மையார் 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி, ஒல்லாந்தின் கடற்கரையூராகிய நோர்ட்வைக்கில் காலமானார். வயது எண்பத்தொன்று. அன்றும் மகனோடு இருந்து, ஆபிரிக்கா சென்று அங்குள்ள ஆசிரியர்க்கு வகுப்பு நடத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்பர். இந்த வயதில், அந்த வெப்பத்தில், வேண்டாம் என்று மகன் தடுத்தாராம். பேச்சை முடித்து அவர் வெளியே சென்று திரும்புமுன் தாயின் உயிர் பிரிந்திருந்தது. அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கஞ் செய்தனர். பயிற்சி வகுப்புகளை மரியோ 1982இல் தாம் மறையும் வரை நடத்தி வந்தார்.